விசிலுக்கு நிற்கும் முருகையன் விமானம் இறக்கினான்

முருகையனுக்கு நான் ஏழாயிரத்து இருநூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. என் அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் நான் ஒருத்தனுக்குத் தர வேண்டியிருந்த ஒரே கடன் அதுதான். அதையும் கடன் என்று ஒத்துக்கொள்ள எனக்கு நாற்பது நாள் பிடித்தது.

முருகையன் என் டிரைவர். விழுப்புரத்திலிருந்து கெடார் வரைக்கும் உள்கிராமங்கள் வழியாகப் போகிற என் மினி பஸ்ஸைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறான். சுப்பராயலு என்கிற என்னைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஜன்னல் ஜன்னலாக அவித்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்றுச் சைக்கிள் கடை வைத்தவன். சைக்கிள் கடையிலிருந்து ஒரு பஸ், ஒரு பஸ்ஸிலிருந்து இரண்டு பஸ். இதில் யாரும் எனக்கு ஒரு ரூபாய் கொடுத்து உதவவில்லை. ஆனால் எங்கள் மினி பஸ் முதலாளிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு, ‘உங்களிடம் வேலை செய்யும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். நடுநடுவே நான் வந்தால் என் மேல் தப்பு சொல்லக் கூடாது. அவன் ஓட்டுவது என் பஸ்.

அவன் கெடார்க்காரன். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். இவனும் பதினைந்து வயதில் கத்தியோடு போனான். வெட்டிய கரும்போடு லாரியில் ஏறி ஒருநாள் ஆலைக்குப் போனவன், திரும்ப வயலுக்கு வரவேயில்லை. அந்த லாரியிலேயே கிளீனராக ஒட்டிக்கொண்டான். அப்புறம் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றான்.

“இன்னாய்யா தெரியும் உனக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு விசில் அடிச்சா நிறுத்துவேன் மொதலாளி. ரெண்டு விசில் அடிச்சா எடுப்பேன். நடுவுல எதுவும் கேக்க மாட்டேன்.”

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுவதில் என்னை மிஞ்ச விழுப்புரத்தில் ஆளில்லை. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மற்ற டிரைவர்கள் கண்டக்டர் விசில் அடித்தால் முதலில் கண்ணாடியில் பார்ப்பார்கள். யார் இறங்குகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்பார்கள். அப்புறம் இருபதடி உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். முருகையன் அப்படியில்லை. விசில் சத்தம் முடிவதற்குள் அவன் கால் பிரேக்கில் இருக்கும். எங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். புதிதாக ஏறுகிறவர்களுக்குப் பழைய ஆட்களே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் விசிலால்தான். காந்திமதி என்கிற பெண் இறங்கியதும் பஸ் கிளம்பியது; அவள் புடவைத் தலைப்பு கதவில் மாட்டியிருந்தது. கண்டக்டர் வெங்கடாசலம் ஒரு விசில் அடித்தான். பஸ் அங்கேயே நின்றது. இன்னும் ஓரடி நகர்ந்திருந்தால் அந்தப் பெண் சக்கரத்துக்குள் போயிருப்பாள். அவள் நேராக டிரைவர் பக்கம் வந்து, “இப்படியா நிறுத்துவ? எங்கம்மா உள்ள மூக்க ஒடச்சிக்கினு உக்காந்திருக்குது!” என்று திட்டினாள். அந்தத் திட்டு முடிந்த மூன்றாம் மாதம் கல்யாணம். மொய் ஐந்நூற்றொன்று எழுதியவன் நான். வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்தால் இவன் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே நிற்பான், இரண்டாவது விசில் வந்தால்தான் சோறு வாய்க்குப் போகும் என்று காந்திமதி சொல்வாள். நான் பார்த்ததில்லை.

இனி கடன் வந்த கதை.

சித்திரை மாதம் கெடாரில் ஒரு பரோட்டாக் கடை திறந்தார்கள். நாற்பது அட்டை முட்டை கொண்டுவந்து சேர்ப்பதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். பஸ்ஸே என்னுடையதாக இருக்கும்போது லோடு ஆட்டோவுக்கு எதற்குத் தண்டம் அழுவது? கடைசி சீட்டில் அடுக்கச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கெடாருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் விசிலை ஒரு குழந்தை வாயில் வைத்து ஒரே ஒரு ஊது ஊதியது.

பஸ் நின்றது. பஸ் மட்டும்தான் நின்றது. ஆயிரத்து இருநூறு முட்டையும் நிற்காமல் முன்னால் போயின. நானும் கொஞ்ச தூரம் அவற்றோடு போனேன்.

சட்டையில் மஞ்சள் கரு வழிய எழுந்து நின்று கேட்டேன். “யோவ், கண்டக்டர் விசிலா, கொழந்த விசிலான்னு கண்ணாடியில பாக்க மாட்டியா நீ?”

“விசில் கேட்டுச்சு மொதலாளி. நிறுத்திட்டேன்.”

“மூளைன்னு ஒண்ணு இருக்குதே, அத எதுக்குய்யா வெச்சிக்கினு கீற? யோசிக்க மாட்ட?”

“யோசிச்சிக்கினு இருந்தா சக்கரம் ரெண்டு சுத்து சுத்திடும் மொதலாளி. அதுல யாராச்சும் மாட்டிட்டா நான் யோசிச்சது யாருக்குப் பிரயோஜனம்? நிறுத்திட்டு யோசிக்கலாமில்ல? நின்னுக்கினு இருக்கறப்போ எவ்ளோ வேணா யோசிக்கலாம்.”

அட்டைக்கு முப்பது முட்டை, முட்டைக்கு ஆறு ரூபாய். ஏழாயிரத்து இருநூறு. கணக்குப் போட எனக்குக் காகிதம் தேவைப்பட்டதேயில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன்.

முருகையன் சண்டை போடவில்லை. வேலையை விட்டுப் போகவுமில்லை. தினம் காலையில் சாவி வாங்க வரும்போது வணக்கத்துக்குப் பதில், “மொதலாளி, ஏழாயிரத்து இருநூறு” என்பான். சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். என் வீட்டுக் கிளி அதைக் கற்றுக்கொண்டது. அப்புறம் கிளியையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

அவன் விடாமல் கேட்டதற்குக் காரணம் கிரைண்டர். காந்திமதி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வீட்டிலிருக்கும் சின்ன கிரைண்டரில் நாலு தடவை போட்டு எடுத்தாலும் தெருவுக்கே பத்தவில்லை. திண்டிவனத்தில் ஒரு கடையில் பெரிய கிரைண்டர் பார்த்து ஐயாயிரம் முன்பணம் கட்டியிருந்தாள். மீதி ஏழாயிரத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் கிரைண்டர் வேறு ஆளுக்குப் போய்விடும், முன்பணமும் திரும்பாது.

கெடுவின் கடைசி நாளன்று, எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு முன்னால் பெயிண்ட் அடிக்க பஸ்ஸைத் திண்டிவனம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். காந்திமதியும் கூட வந்தாள். பட்டறைக்குப் பக்கத்திலேயே இருந்த கிரைண்டர் கடைக்காரரிடம் இன்னும் பத்து நாள் கேட்டுப் பார்த்தாள். “ஏழு மணிக்குக் கடய மூடுவேன்மா. அதுக்குள்ள குடுத்தா உனக்கு” என்று அவர் சொல்லிவிட்டார். நான் வெளியே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயிண்ட் காய இரண்டு மணி நேரம் ஆகும் என்றான் பட்டறைக்காரன். பக்கத்து மைதானத்தில் பொருட்காட்சி. உள்ளே போனோம். டெல்லி அப்பளத்துக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் ஒரு கூடாரம். ‘நீங்களே விமானம் ஓட்டலாம். பத்து நிமிடம், நூறு ரூபாய்’ என்று பலகை. உள்ளே ஒரு சீட்டு, முன்னால் மூன்று பெரிய டிவி, பிடித்து ஆட்ட ஒரு குச்சி, பக்கத்தில் வேகத்துக்கு ஒரு கைப்பிடி, காலடியில் இரண்டு பெடல். அந்தக் கடையை நடத்தியவள் கலைமதி என்கிற வளவனூர்ப் பெண். விமானப் படிப்பு படித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் ஊர் ஊராக இந்த டிவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளாம். சொந்தமாகத் தொழில் செய்கிற யாரையும் நான் மதிப்பேன். ஆனால் அவள் என்னை “வாங்க தாத்தா” என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களுக்கு முன்னால் ஏறிய நாலு பேரும் விமானத்தை மலையில் மோதினார்கள். ஒவ்வொரு தடவையும் மோதுவதற்கு முன்னால் ஸ்பீக்கரில் ஓர் ஆம்பளைக் குரல் இங்கிலீஷில் கத்தியது.

“அது யாரும்மா கத்துறது?” என்று கேட்டேன்.

“மிஷின் தாத்தா. மேகத்துக்குள்ள எறங்கறப்போ பைலட்டுக்குக் கண்ணு தெரியாது. கீழ தரை எவ்ளோ கிட்ட வந்துடுச்சின்னு மிஷினே அளந்துக்கினு இருக்கும். ரொம்பக் கிட்ட போயிட்டா ‘டெரைன், டெரைன், புல் அப்’னு கத்தும். கத்துனா ஏன்னு கேக்கக் கூடாது, வெளிய எட்டிப் பாக்கக் கூடாது. வேகத்த முழுசா குடுத்து, குச்சிய வயித்துக்கு இழுத்து மேல போயிடணும். போயிட்டு, அப்பறமா பேசிக்கலாம்.”

முருகையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “விசில் மாதிரிங்களா?”

“அதே மாதிரிதாண்ணா!”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். நாற்பது நாள் கேட்டதைவிட அந்தப் பார்வை எனக்குப் பேஜாராக இருந்தது.

“இந்தாம்மா” என்றேன். “மிஷின் சொல்றதக் கேட்டு ஓட்டறதுக்கு மனுசன் எதுக்கு? யோசிச்சு ஓட்டறவன்தான் டிரைவர்.”

காந்திமதி விடுவாளா? “அப்ப நீங்க யோசிச்சு எறக்குங்க மொதலாளி. எங்காளு யோசிக்காம எறக்குவாரு. யாரு எறக்குறாங்களோ அவங்க சொல்றதுதான் சரி. இவரு எறக்கிட்டாருன்னா ஏழாயிரத்து இருநூற எடுத்து வெச்சிடணும். நீங்க எறக்கிட்டீங்கன்னா கிரைண்டரும் வாணாம், நாங்க வாயத் தொறக்கவும் மாட்டோம்.”

கூடாரத்தில் இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தயத்திலிருந்து பின்வாங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது. நூறு ரூபாயை எடுத்து வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

நான் ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் திண்டிவனத்தில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். குச்சியைப் பிடித்த பிடியிலேயே விமானம் எனக்குக் கட்டுப்பட்டது. மூன்று டிவியிலும் வெள்ளை மேகம். இறக்கிக்கொண்டே போனேன். ஸ்பீக்கரில் அந்த ஆள் கத்த ஆரம்பித்தான்.

“தாத்தா, இழுங்க! குச்சிய இழுங்க!” என்றாள் கலைமதி.

“இரும்மா. எதிர்ல ஒண்ணையும் காணோம், இவன் எதுக்குக் கத்துறான்? யாருய்யா நீ? என் வண்டியில வந்து எனக்கே உத்தரவு போடற?”

ஒரு முதலாளி அவன் வண்டியில் அடுத்தவன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டால், அப்புறம் நாளைக்குக் கண்டக்டரே மதிக்கமாட்டான். சத்தத்தைக் குறைக்க எந்தத் திருகு என்று தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போது மேகம் விலகியது. கரும்பாறை ஒன்று, செஞ்சி மலை மாதிரி, முழு டிவிக்கும் நின்றது. அப்புறம் டிவி சிவப்பாகிவிட்டது.

விமானம் இறங்கும் பாதையில் மலையைக் கொண்டுவந்து வைத்தது யாருடைய தப்பு என்று நான் கேட்டேன். எனக்கு முன்னால் மோதிய நாலு பேரைவிட நான் வேகமாக மோதினேன் என்று கலைமதியே ஒத்துக்கொண்டாள்.

அடுத்து முருகையன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டான். குச்சியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, குனிந்து அங்கும் இங்கும் பார்த்தான்.

“இன்னாண்ணா தேடறீங்க?”

“டயரு எங்க கீதும்மா?”

“இதுக்கு டயரு இல்லண்ணா. ஜல்தி உக்காருங்க, நேரம் ஓடுது.”

பழத்தைக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். விமானம் மேகத்துக்குள் இறங்கியது. கூட்டத்தில் எவனோ உற்சாகம் தாங்காமல் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். முருகையன் இரண்டு பெடலையும் சேர்த்து ஓங்கி மிதித்து, தலையைத் திருப்பி, “யாரு எறங்கணும்?” என்றான்.

கூடாரம் கிழிகிற மாதிரி சிரிப்பு. நடுவானத்தில் அந்தப் பெடல் இரண்டையும் சேர்த்து மிதித்தால் வேலை செய்யாதாம், அதனால் ஒன்றும் ஆகவில்லை. “தயவுசெஞ்சி யாரும் விசில் அடிக்காதீங்க, அவருக்கு அது பழக்கதோஷம்!” என்று கலைமதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கத்தியது. அதன் முதல் வார்த்தை முடியவில்லை, முருகையன் வேகக் கைப்பிடியைக் கடைசி வரை தள்ளி, குச்சியை வயிற்றோடு சேர்த்து இழுத்துவிட்டான். எதிரில் என்ன என்று பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. டிவியின் அடிவிளிம்பில் அதே கரும்பாறை, தொட்டுவிடுகிற தூரத்தில், கீழே நழுவிப் போனது. குரல் நின்றது.

“யோவ், எறக்கச் சொன்னா ஏத்திக்கினு போறான்யா!” என்று ஒருவன் கத்தினான்.

“பயந்துட்டான்!” என்றான் இன்னொருவன்.

“பந்தயம் என்னுது” என்றேன் நான். “எறக்கல இல்ல? முடிஞ்சி போச்சு.”

“தாத்தா, இதுதான் சரி” என்றாள் கலைமதி. “இந்தக் கூடாரத்துல உயிரோட கீற ஒரே பைலட்டு இவருதான். இன்னும் ஆறு நிமிஷம் கீது. மறுபடியும் வந்து எறக்கட்டும்.” ஒரு பட்டனைத் தட்டி, விமானத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டாள். நிஜத்தில் ஒரு பெரிய சுற்று சுற்றி வர வேண்டுமாம்.

இரண்டாவது தடவை மலையைத் தாண்டிவிட்டான். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் ஸ்பீக்கர் வேறு என்னவோ சொல்லிக் கத்தியது. இறக்கம் செங்குத்தாக இருக்கிறது என்று அர்த்தமாம். முருகையன் அர்த்தம் கேட்கவில்லை. இழுத்தான். மறுபடியும் வானத்தில் இருந்தான்.

“அண்ணே, மேலயே குடித்தனம் வைக்கப் போறியா?”

“அரிசி பருப்பு அனுப்பி வைக்கட்டுமா?”

காந்திமதி அவர்கள் பக்கம் திரும்பி, “உங்க அப்பன் வீட்டுப் பெட்ரோலா ஊத்தி ஓட்டறாரு? மூடிக்கினு பாருங்க!” என்றாள். ஆனால் அவள் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. மணி ஆறு நாற்பது. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்ததை நான் பார்த்தேன். பந்தயத்தில் எனக்கு எதிராளி அவள்தான். இருந்தாலும் பார்த்ததைச் சொல்கிறேன்.

“அண்ணா, இன்னும் மூணு நிமிஷம்தான். இதான் கடைசி” என்று கலைமதி அவன் தோள்பக்கம் வந்து நின்றாள். “ரன்வே ஓரத்துல நாலு லைட்டு தெரியும். ரெண்டு செவப்பு, ரெண்டு வெள்ள இருந்தா கரெக்டா எறங்கறீங்கன்னு அர்த்தம். செவப்பு ஜாஸ்தியானா லேசா தூக்குங்க. வெள்ள ஜாஸ்தியானா லேசா எறக்குங்க.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றான் முருகையன். சிக்னல் என்று ஒன்று இருந்தால் அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மேகம் கலைந்தது. நாலு விளக்கு. மூன்று சிவப்பு. லேசாகத் தூக்கினான். இரண்டு, இரண்டு. அப்படியே பிடித்தான். கூட்டம் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். ரன்வே பெரிதாகிக்கொண்டே வந்தது. திடீரென்று அந்தக் குரல் மறுபடியும் பேச, முருகையனின் கை குச்சியை இழுக்கப் போனது.

“இழுக்காதீங்கண்ணா! இது விசில் இல்ல! எத்தன அடி மிச்சம்னு எண்ணுது. கண்டக்டரு ஸ்டாப்பு பேரு சொல்ற மாதிரி!”

“அட, அப்பிடியா” என்று கையை விட்டான். ஐம்பது, நாற்பது, முப்பது என்று குரல் இங்கிலீஷில் எண்ணிக்கொண்டே போனது. பத்து. விமானம் தரையைத் தொட்டது, எகிறியது, மறுபடியும் தொட்டது. மழைக்குப் பிறகு கெடார் ரோட்டில் என் பஸ் போகிற மாதிரியே போனது. ஆனால் வேகம் குறையவில்லை. ரன்வே முடிகிற இடம் நேரே ஓடி வந்தது.

“ஐயோ, பிரேக்கு எதுன்னு நான் சொல்லவேயில்லயே!” என்று கலைமதி தலையில் கை வைத்தாள்.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பளக் கடைக்காரன் ஆர்வத்தில் தன்னை மறந்து, விரலை வாயில் விட்டு ஒரே ஒரு விசில் அடித்தான்.

முருகையனின் இரண்டு காலும் இறங்கின. தரையில் அந்தப் பெடல்தான் பிரேக்காம். விமானம் அங்கேயே நின்றது. கடைசி விளக்குக்கு இன்னும் பத்தடி இருந்திருக்கும்.

கூடாரத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டு ராட்டினத்தை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் முருகையனைத் தூக்கப் போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. “எல்லாரும் எறங்கிட்டாங்களா?” என்று கலைமதியைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தான். வந்து என் முன்னால் நின்றான். நாற்பது நாளாகச் சொன்னதை அன்றைக்கு அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த ஜில்லாவில் எத்தனையோ மினி பஸ் ஓடுகிறது. விமானம் இறக்கத் தெரிந்த டிரைவர் யாரிடம் இருக்கிறான்? என்னிடம்தான். அவனைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துச் சாவி கொடுத்தவன் யார்? இதை அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“மொதலாளி, மணி ஆறு அம்பது” என்றாள் காந்திமதி. “ஜிபே பண்ணிடறீங்களா?”

“நான் யாருக்கும் போன்ல குடுத்தவன் கெடயாது. கைய நீட்டச் சொல்லு.”

முருகையன் கையை நீட்டினான். அதைத் தள்ளிவிட்டுக் காந்திமதியின் கை வந்து விரிந்தது. டிராயர் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, வாய்விட்டு எண்ணி வைத்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டு பதினாலு. அதில் ஒன்று கிழிந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள், மாற்றிக் கொடுத்தேன். அதற்கு மேல் நூறு ரூபாய் நோட்டு ஒன்று. இன்னொன்று.